மருந்து கெட்டித்த கைகள்

கடலூரில் பழைய கதை பேச உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கும் ராபர்ட் கிளைவுக்கும் போய்விடும். நான் சொல்லப்போவது கிளைவைப் பற்றி அல்ல; அந்தக் காலத்துச் சிப்பாய் துப்பாக்கியைக் கெட்டித்த விதத்தைப் பற்றி.

1746-ல் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாப்பின் பெரும்படையை ஆயிரம் பேர் அளவே இருந்த பிரெஞ்சுப் படை விரட்டியது. அந்த ஆயிரத்தில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். நவாப்பின் ஆட்களிடமும் துப்பாக்கி இருந்தது. ஆனால் ஒரு தடவை சுட்டபின் மறுபடி கெட்டிக்க அவர்களுக்கு நேரம் பிடித்தது. எதிரே இருந்தவர்கள் அடுத்தடுத்துச் சுட்டார்கள். ஆங்கிலேயருக்கு அது பெரிய பாடம். 1748 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து படையைப் பொறுப்பேற்றார், பயிற்சி கடுமையானது.

சிப்பாய் கையில் இருந்த துப்பாக்கி ஏறக்குறைய நாலரைக் கிலோ எடை. விசையின் மேலே 'குதிரை'. அதன் வாயில் தோல் சுற்றிய சக்கிமுக்கிக் கல். தோல் இல்லாவிட்டால் கல் வழுக்கும், பொறி பறக்காது. தேர்ந்த சிப்பாய் முதலில் கல்லின் முனையைப் பார்ப்பான். பிறகு மெல்லிய கம்பியால் குழலின் பக்கத்தில் உள்ள சிறு துளையைக் குத்திச் சுத்தம் செய்வான். அந்தத் துளை அடைத்திருந்தால் வெளியே தீப்பிடிக்கும், உள்ளே வெடிக்காது.

அடுத்தது கெட்டிப்பது. குதிரையைப் பாதி மட்டும் இழுத்து நிறுத்த வேண்டும். முழுதாக இழுத்தால் கை தவறிய நொடியில் மருந்து முகத்தில் வெடிக்கும். பையிலிருந்து காகிதத் தோட்டாவை எடுத்து, நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். வெடியுப்பு நாக்கில் கரிக்கும். பத்துத் தடவை சுட்டால் வாய் வறண்டுவிடும். ஒரு சிட்டிகை மருந்தை அந்தத் துளைக்குப் பக்கத்தில் உள்ள கிண்ணியில் போட்டு மூடி, மிச்சத்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே திணித்து, இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். இடித்த கம்பியை உருவி அதன் இடத்தில் செருகியபிறகே குதிரையை முழுதாக இழுக்கலாம். பதற்றத்தில் கம்பியை உருவ மறந்தவன் குண்டோடு கம்பியையும் சுட்டுவிடுவான். அதன்பின் அவன் கையில் இருப்பது ஈட்டிமுனை செருகிய வெறும் கட்டை.

இத்தனையையும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை, புகையில் கண் தெரியாமல், பக்கத்தில் ஆள் விழும்போது செய்தவனே தேர்ந்த சிப்பாய். ஆள் உயரமும் திடமும் பார்த்து கிரெனேடியர் கம்பெனி என்ற தேர்வுப் பிரிவுக்குப் பொறுக்கினார்கள்தான். என்னைக் கேட்டால், உயரத்தைவிட வரிசை மாறாத கைதான் பெரிது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிற்காது. ஆகவே ஒருவன் குறியைவிட எல்லாரும் ஒன்றாகச் சுடுவதையே நம்பினார்கள்.

அதே 1748 ஜூனில் லாரன்ஸ் கடலூரைக் காலி செய்வதுபோல் பகலில் பீரங்கிகளையும் படையையும் கோட்டைக்கு நகர்த்தி, இருட்டியதும் திரும்பக் கொண்டுவந்தார். ஊர் காலியாக இருக்கும் என்று இரவில் வந்த பிரெஞ்சுக்காரர்களைக் கெட்டித்த துப்பாக்கிகள் வரவேற்றன. அவர்கள் ஓடினார்கள்.

ஆனால் சிதம்பரத்தில் கெட்டித்துச் சுடும் இந்த வேகம் எடுபடவில்லை. 1781 ஜூனில் மைசூர் ஹைதர் அலியின் ஆட்கள் நடராசர் கோயில் மதிலுக்குள் இருந்தார்கள். ஆங்கிலத் தளபதி ஐர் கூட் தாக்கினார். கல் மதிலும் வாசல்களும் அவரைத் திருப்பி அனுப்பின. இரண்டு வாரத்தில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டை மணல்வெளியில் அதே கூட் தன் படையைவிடப் பலமடங்கு பெரிய ஹைதர் படையை வென்றார். அவர் படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே.

லாரன்ஸுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. தோட்டாவைக் கடித்த சிப்பாய்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிள்ளைகளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள், கிளைவ் பெயரோடு இவர்கள் வேலையையும் சொல்லிக்கொடுங்கள்.