மேசைத்தள வலைச்செயலிகளைச் சுருக்குதலும் பொதிதலும்

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய வலைநுட்பங்களால் எழுதப்பட்ட மேசைத்தளச் செயலியின் நிரலைச் சிறிதாக்குவது சுருக்குதல் ஆகும். அந்நிரலை, அதனை இயக்கத் தேவையானவற்றுடன் சேர்த்து, பயனர் நிறுவத்தக்க வடிவில் கட்டுவது பொதிதல் எனப்படும். இவ்வகைச் செயலிகளுக்கான சட்டகங்களுள் எலக்ட்ரான் பரவலாக அறியப்பட்டதாகும். கிட்ஹப் நிறுவனம் தனது ஆட்டம் உரைத்தொகுப்பிக்காக 2013இல் இதனைத் தொடங்கியது. 2015இல் இது தற்போதைய பெயரைப் பெற்றது. குரோமியம் உலாவியும் நோட்.ஜேஎஸ் இயக்கச்சூழலும் இதன் இரு கூறுகள் ஆகும்.

சுருக்குதல்

டக்ளஸ் குரோக்ஃபோர்டு வெளியிட்ட ஜேஎஸ்மின், வெற்றிடங்களையும் குறிப்புரைகளையும் மட்டுமே நீக்கியது. பின்வந்த அக்ளிஃபைஜேஎஸ், டெர்சர், இஎஸ்பில்டு போன்ற கருவிகள் நிரலின் இலக்கண அமைப்பைப் பகுத்து ஆராய்கின்றன. இவை உள்ளக மாறிகளின் நீண்ட பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாக்கி, ஒருபோதும் இயங்காத பகுதிகளையும் அகற்றுகின்றன. நிரலின் செயற்பாடு மாறுவதில்லை.

மேசைத்தளச் செயலியில் இதனால் மட்டும் கிடைக்கும் பயன் சிறிதே. பொதியின் பெரும்பகுதி குரோமியமே ஆகும். "வணக்கம்" என்று மட்டும் காட்டும் செயலிகூட நிறுவியபின் நூறு மெகாபைட்டுக்கு மேல் இடம் கொள்ளும். உருவாக்கத்தின்போது மட்டும் தேவைப்படும் நோட் தொகுதிகளைப் பொதியில் சேர்க்காமல் விடுவது பல வேளைகளில் இதனினும் பயன் தரும்.

தமிழ்ச் சொற்றொடர்கள் கொண்ட நிரலில் ஒரு முரண் எழுகிறது. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு தமிழ்க் குறியுரு 3 பைட்டுகள் கொள்ளும். இஎஸ்பில்டு தனது இயல்பிருப்பில் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே வெளியிடுவதால், அதே குறியுரு பின்சாய்கோட்டுடன் கூடிய 6 எழுத்துத் தொடராக மாறுகிறது. சுருக்கும் கருவியே தமிழ் உரையை இருமடங்காக்கிவிடுகிறது! வெளியீட்டுக் குறிமுறையை யூடிஎஃப்-8 என அமைத்தால் இது நேராது.

பொதிதல்

எலக்ட்ரான் செயலியின் கோப்புகள் வழக்கமாக அசார் எனும் ஒரே கோப்பினுள் வைக்கப்படுகின்றன. இதன் தலைப்பகுதியில் ஒவ்வொரு கோப்பின் இடமும் அளவும் ஜேசான் வடிவில் குறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும். உள்ளடக்கம் இறுக்கப்படுவதில்லை. ஆகவே முழுவதையும் விரிக்காமல் வேண்டிய கோப்பை மட்டும் படிக்க முடிகிறது. விண்டோசில் கோப்புப்பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டுவதால் எழும் சிக்கலும் இதனால் தணிகிறது. சி++ போன்ற மொழிகளில் எழுதிய இயற்தொகுதிகளை மட்டும் வெளியே வைத்தல் வேண்டும். அவற்றை ஏற்றும் இயங்குதளத்துக்கு உண்மையான கோப்பு தேவை.

பாதுகாப்பு

சுருக்குதலும் பொதிதலும் மறையாக்கம் அல்ல. அசார் கோப்பை எவரும் ஒரே கட்டளையில் பிரித்துவிடலாம். சுருக்கிய நிரலையும் வரி பிரித்துப் படிக்கலாம். ஆகவே தரவுத்தளக் கடவுச்சொல், சேவைத் திறவுகோல் போன்றவற்றைச் செயலியினுள் வைப்பது அவற்றை வெளியிடுவதற்கு ஒப்பாகும். மூல வரைபடக் கோப்புகள் தவறுதலாகப் பொதியில் சேர்ந்தால் சுருக்கும் முன்பிருந்த மூலநிரலே வெளியாகக்கூடும்.

மாற்று அணுகுமுறை

2022இல் முதற்பதிப்பு வெளிவந்த டவ்ரி, உலாவியைப் பொதியில் சேர்க்காமல் இயங்குதளத்தில் உள்ள வலைக்காட்சியையே பயன்படுத்துகிறது. பொதி சில மெகாபைட்டுகளாகச் சுருங்குகிறது. எனினும் விண்டோசு, மாக், லினக்சு ஆகியவற்றின் வலைக்காட்சிகள் வேறுபடுவதால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே சோதித்தல் தேவைப்படுகிறது.