சோடியம்-பொட்டாசியம் எக்கி

சோடியம்-பொட்டாசியம் எக்கி என்பது விலங்கு உயிரணுக்களின் சவ்வில் அமைந்துள்ள ஒரு புரதம் ஆகும். இது ஏ.டி.பி என்னும் மூலக்கூறின் ஆற்றலைக் கொண்டு சோடியம் அயனிகளை உயிரணுவிலிருந்து வெளியேற்றி, பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கிறது. இது சோடியம் பம்பு எனவும் அழைக்கப்படும்.

தேவை

உயிரணுச் சவ்வு இரு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. மின்னூட்டம் கொண்ட அயனிகள் அக்கொழுப்பை எளிதில் ஊடுருவுவதில்லை. சவ்விலுள்ள புரத வழிகளினூடாகவே செல்கின்றன. மனித உயிரணுவினுள் பொட்டாசியத்தின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே ஏறத்தாழ 4 மட்டுமே. சோடியம் இதற்கு நேர்மாறாக வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் காணப்படுகிறது. இரு அயனிகளும் இடைவிடாது கசிவதால், எக்கி இயங்காவிடில் இவ்வேறுபாடு படிப்படியாக மறைந்துவிடும்.

செயல்படும் முறை

1. உயிரணுவின் உட்புறத்தில் மூன்று சோடியம் அயனிகள் எக்கியுடன் பிணைகின்றன.
2. ஏ.டி.பி-யிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதி எக்கியுடன் இணைகிறது. எக்கியின் வடிவம் மாறி, சோடியம் வெளியேறுகிறது.
3. வெளிப்புறத்திலிருந்து இரண்டு பொட்டாசியம் அயனிகள் பிணைகின்றன.
4. பாஸ்பேட் நீங்க, எக்கி பழைய வடிவத்தை அடைந்து பொட்டாசியத்தை உள்ளே விடுவிக்கிறது.

முக்கியத்துவம்

நரம்புத் துடிப்பின்போது சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியேறுவதும் எக்கி முன்னரே உருவாக்கிய செறிவு வேறுபாட்டினால்தான். ஒரு துடிப்பில் இடம்பெயரும் அயனிகள் மிகச் சிலவே. ஆதலால் எக்கி நின்ற உடனே நரம்பு செயலிழப்பதில்லை. சேமிப்புத் தீரும்வரை துடிப்புகள் தொடரும்.

சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் ஒரே கடத்திப் புரதத்தின் வழியாகச் சேர்ந்து உயிரணுவினுள் நுழைகின்றன. எக்கி அந்தச் சோடியத்தை மறுபுறமாக இரத்தத்தை நோக்கி வெளியேற்ற, நீரும் அதனைத் தொடர்கிறது. காலரா நோயிலும் இவ்வழி பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. வயிற்றுப்போக்கின்போது அளிக்கப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பயன் தருவதற்கு இதுவே காரணம். உப்பு மட்டும் கலந்த நீர் இதே பயனைத் தராது. 1971 ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிசு இக்கரைசலைக் கொண்டு காலரா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

இதய நோய்க்கான டிஜாக்சின் மருந்து எக்கியைத் தடுக்கிறது. இதனால் இதயத்தசை உயிரணுக்களில் முதலில் சோடியமும், அதன் விளைவாகக் கால்சியமும் மிகுந்து, இதயம் வலுவாகச் சுருங்குகிறது. அளவு மிகுந்தால் இதே மருந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

கண்டுபிடிப்பு

டென்மார்க்கின் ஆர்கூசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யென்சு கிறித்தியன் இசுக்கூ நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து, 1957 இல் இந்நொதியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும்போது ஏ.டி.பி சிதைவு விரைவடைவதை அவர் கண்டறிந்தார். இதற்காக 1997 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு வழங்கப்பட்டது.