வேலியோரத்து ஈசுரமூலி

மைசூர்ச் சமஸ்தானத்துப் பட்டாம்பூச்சிகளின் முதற்கட்டப் பட்டியலை 1890இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டவர் இ. ஒய். வாட்சன். அதே இதழில் 1933இல் ஜே. ஏ. யேட்ஸ், பெங்களூரையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினார். அந்தச் சுற்றுப்புறத்தைத் தேடி அப்போது யாரும் வெகுதூரம் போக வேண்டியிருந்திருக்காது. 1951 கணக்கெடுப்பிலேயே ஊரில் 8 லட்சம் பேர் இல்லை. கண்டோன்மென்ட் பங்களாவுக்குப் பெரிய காம்பவுண்டு, பேட்டை வீட்டுக்குப் பின்கட்டில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், கொஞ்சம் நடந்தால் ஏரி, ஏரிக்குக் கீழே வயல். வேலிகளில் யாரும் நடாத கொடிகள் படர்ந்து கிடந்தன.

இந்த யாரும் நடாத கொடிகள்தான் விஷயமே. பட்டாம்பூச்சி என்றதும் நமக்குப் பூ நினைவுக்கு வருகிறது. பறக்கும் சில வாரங்களுக்குத் தேன் போதும், உண்மைதான். அதற்கு முன் அது புழு. புழுவுக்கு இலை வேண்டும். எந்த இலையானாலும் ஆகாது. தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்துத்தான் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்றை வெள்ளையனுக்குக் கொன்றை, ஆவாரை. சிவப்புடல் அழகிக்கு ஈசுரமூலிக் கொடி. அன்றைய பெங்களூரில் இவையெல்லாம் வேலியோரத்திலும் புறம்போக்கிலும் தாமாக முளைத்தன.

2011இல் ஊரின் மக்கள்தொகை 84 லட்சத்தைத் தாண்டியது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். 1973க்குப் பின்னான நாற்பது சொச்ச ஆண்டுகளில் கட்டடமும் சாலையுமான பரப்பு பத்து மடங்குக்கு மேல் பெருகியதாகவும், பசுமைப் பரப்பில் 88 விழுக்காடும் நீர்நிலைகளில் 79 விழுக்காடும் போய்விட்டதாகவும் இந்திய அறிவியல் கழகத்தின் டி. வி. ராமச்சந்திரா குழு கணக்கிட்டது. மிஞ்சிய ஏரிகளைச் சீரமைக்கிறோம் என்று கல் பதித்து, நடைபாதை போட்டு, புல்லை வழித்தெடுத்துவிடுகிறோம். ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்புச்சத்து உறிஞ்சும் ஈரமண் அதோடு போகிறது.

பூவுக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை. 1908இல் லால்பாகுக்கு வந்த தோட்டக்கலை வல்லுநர் குரும்பிகல் தொடங்கிவைத்த சாலைமர மரபு இன்றும் தொடர்கிறது. கோடை பிறக்கும்போது தபேபுயாவும் ஜகரண்டாவும் தெருவையே நிறம் மாற்றுகின்றன. அந்த அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் அவை அமெரிக்கக் கண்டத்து மரங்கள். அவற்றின் இலையைத் தின்று வளரும் புழு நம் பட்டாம்பூச்சிகளில் அரிது.

எனக்கு மிகவும் கவலை தருவது கறிவேப்பிலை அழகியின் கதை. இதன் பெண்பூச்சிகளில் ஒரு வகை, சிவப்புடல் அழகியைப் போலவே வேடமிட்டுப் பறக்கும். ஈசுரமூலியின் நஞ்சை உடலில் ஏற்றிக்கொண்ட சிவப்புடல் அழகியை ஒருமுறை கொத்திய பறவை மறுபடி தொடாது. அந்தப் பயத்தில் இதுவும் தப்பிக்கிறது. இந்த வேடத்தை ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு ஆள்கிறது என்று 2014இல் நேச்சர் இதழில் கிருஷ்ணமேக் குந்தேயும் சகாக்களும் காட்டினார்கள். குந்தே பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணிபுரிபவர். இப்போது தெருவைப் பாருங்கள். இதன் புழு தின்னும் கறிவேப்பிலை மாடித் தொட்டியிலாவது பிழைத்துவிட்டது, சமையலுக்கு வேண்டுமே. ஈசுரமூலியைக் களையென்று பிடுங்கிவிட்டோம். அசலே இல்லாத தெருவில் வேடத்துக்கு என்ன மதிப்பு? எந்தப் பறவை அதைக் கண்டு அஞ்சும்? சிவப்புடல் அழகியை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலம் முதல் அட்டவணையில் வைத்திருந்தது. அதன் கொடிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

வலசையும் இப்படித்தான். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளம்புகின்றன. ஐப்பசி வாக்கில் திரும்புகின்றன. வழியில் பெங்களூர். அன்று அவை இறங்கிய தரிசுகளில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இருந்தன. இணைசேர்வதற்கான வாசனையை உண்டாக்க ஆண்கள் உறிஞ்சும் சாறு அவற்றில் உண்டு. இன்றும் கூட்டம் கடக்கிறது. நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு மேலே போகிறது. இறங்க இடம்தான் குறைவு.

இன்று நம்மிடம் இருப்பது அறிவு. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. 2006இல் பன்னேர்கட்டாவில் ஏழரை ஏக்கரில், நாட்டின் முதல் பட்டாம்பூச்சிப் பூங்கா திறந்தது. ஊருக்குள் தொரேசானிபாள்யா வனத்துறை வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்வலர்கள் கூடிக் கேமராவோடு நடக்கிறார்கள். வலையும் ஊசியும் போய்விட்டன. ஊரில் 150க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பூங்காவின் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பது நல்லது. ஆனால் இனம் தழைப்பது வெளியே, கவனிப்பாரற்ற நிலத்தில்.

அப்படிப்பட்ட நிலத்துக்கு ஒரு நல்ல செய்தி, ஊருக்கு வெளியே இருக்கும் ஹெசரகட்டா புல்வெளி. அந்தப் புல்வெளியைக் காப்பகமாக்கும் யோசனையை 2021இல் மாநில வனவிலங்கு வாரியம் தள்ளிவிட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2024இல் வாரியம் ஒப்புக்கொண்டது. ஊருக்குள்ளும் இதே பிடிவாதம் வேண்டும். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் ஒரு துண்டை வெட்டாமல், மருந்தடிக்காமல் விடும்படி மாநகராட்சியை நச்சரிக்க வேண்டும். மாடி இருப்பவர்கள் நாளைக்கே ஈசுரமூலி வைக்கலாம். தொட்டி பெரிதாக இருக்கட்டும், ஏறக் கம்பி கட்டுங்கள். புழு வந்தால் கொடியை மொட்டையடித்துவிடும். பதறி மருந்து தெளிக்காதீர்கள், சில வாரங்களில் அது மறுபடி துளிர்க்கும்.