மாற்றுத்திறனாளிக்கு அரசு மருத்துவக் காப்பீடு: எந்த வாசல் யாருக்குத் திறக்கும்?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வந்ததும் பல பெற்றோர் கேட்கும் கேள்வி இதுதான்: "இனிமேல் ஆஸ்பத்திரிச் செலவை கவர்மென்ட் பார்த்துக்குமா?" அட்டை மட்டும் போதாது என்பதே நேரான பதில். ஒரு காப்பீட்டுத் திட்டம் குடும்ப வருமானத்தைக் கேட்கிறது. இன்னொன்று குறைபாட்டின் வகையைக் கேட்கிறது. வேறொன்று அப்பா அல்லது அம்மாவின் சம்பளத்தைக் கேட்கிறது. தங்கள் குடும்பம் எந்தத் திட்டத்துக்குள் வரும் என்று தெரியாமலேயே கைக்காசைச் செலவழித்து ஓய்ந்துபோகிறவர்கள் ஏராளம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், தசைச்சிதைவு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. போன்ற எந்தத் திட்டத்திலும் சேராத மாற்றுத்திறனாளிகளுக்கு முழுமையான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, அரசின் "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்ற நிபந்தனையையும் வைத்திருக்கிறது. 21 வகையினரையும், குறைபாடு ஒன்றையே தகுதியாகக் கொண்டு, வருமானம் பார்க்காமல் சேர்க்கும் காப்பீடு இன்று வரை இல்லை.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000 ரூபாய். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டும் ஒருவர் மாதம் 14,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஆறு வயது மகளுக்கு மூளை முடக்குவாதம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காலுக்குக் காலிப்பர், வலிப்புக்கு மாத்திரை, வாரம் மூன்று நாள் ஆட்டோ வாடகை. இத்தனையும் போக அந்த வீட்டில் மிஞ்சுவது மிகச் சொற்பம். ஆனால் வருமானச் சான்றிதழில் வரவு மட்டும்தான் இருக்கும், செலவு இருக்காது. அவர் தகுதியற்றவராகிறார்.

தகுதி கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானவை. காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை செய்யலாம், இதய ஆபரேஷன் செய்யலாம், அவை உயிர்காக்கும் உதவிகள். ஆனால் குறைபாடு என்பது ஒரு முறை ஆபரேஷன் செய்து முடித்துவிடும் நோயல்ல. வாரா வாரம், வருடக்கணக்கில் நடக்கும் பயிற்சிதான் அந்தக் குழந்தையை உட்கார வைக்கிறது, நடக்க வைக்கிறது. படுக்கையில் சேராமல் நடக்கும் அந்தச் செலவுதான் குடும்பத்தைக் கரைக்கிறது.

ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குறைபாட்டைப் பற்றிய ஒரு விதி உண்டு. 2018-இல் தொடங்கியபோது, 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துக் கிராமப்புறக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஓர் அளவுகோல்: வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும், கூடவே உடல்திறன் உள்ள பெரியவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது. நகர்ப்புறத்துக்குத் தொழிலை வைத்தே தேர்வு, குறைபாட்டுக்கு அங்கே இடமில்லை. பிள்ளையைத் தூக்கிச் சுமக்க ஒரு தாய் இருந்துவிட்டாலே அந்த அளவுகோலின்படி தகுதி போய்விடுகிறது. அந்தத் தாய் வேலைக்கே போக முடியாமல் பிள்ளையோடு கட்டுண்டு கிடப்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. இது பெரிய அநியாயம்.

நிராமயா: சிறிய தொகை, பெரிய உதவி

குறைபாட்டையே தகுதியாக ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று இருக்கிறது. தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த அறக்கட்டளை ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கானது. வயது வரம்பு இல்லை, வருமான வரம்பு இல்லை, சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. பிறவியிலேயே இருக்கும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒதுக்குவதும் இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். புதுப்பிக்க இன்னும் குறைவு.

இதன் உண்மையான மதிப்பு அந்த ஒரு லட்சத்தில் இல்லை. வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, பல் சிகிச்சை, தொடர் தெரபி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு என்று மற்ற காப்பீடுகள் கைவிடும் இனங்களுக்கெல்லாம் இதில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் தனி உச்சவரம்பு உண்டு என்பதால், தெரபிக்கு மட்டுமே முழு லட்சத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது. சேரும்போதே அந்த வரம்புகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பணம் நம் கையிலிருந்து முதலில் போகும், பிறகுதான் திரும்பி வரும். இங்கேதான் பல குடும்பங்கள் தோற்கின்றன. வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் தெரபிஸ்ட் பில் தருவதில்லை. மருந்துக்கடையில் பாதி வாங்கியதற்கு ரசீது இல்லை. டாக்டர் எழுதிய சீட்டு பழைய பைக்குள் மடங்கிக் கிழிந்துபோகிறது. முத்திரையும் தேதியும் உள்ள அசல் ரசீது, டாக்டர் சீட்டு, குறைபாட்டுச் சான்றிதழ் நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, கெடுவுக்குள் அனுப்பினால்தான் பணம் வரும். பயிற்சி தருபவரிடம் முதல் நாளே பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நிராமயா அட்டையின் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. புதுப்பிக்காத குடும்பத்துக்கு அன்றோடு பாதுகாப்பு நின்றுபோகும். பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள், சிறப்புப் பள்ளிகள் மூலம் சேரலாம்.

நான்கு வகையில் வராதவர்களுக்கு இந்த வாசலும் இல்லை. முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞருக்கும், தசைச்சிதைவு உள்ள சிறுவனுக்கும் நிராமயா கிடையாது.

பலரும் கேட்காத இ.எஸ்.ஐ.

பெற்றோரில் ஒருவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், உடலோ மனமோ நலிவுற்று முழுவதும் அவரையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அந்த நலிவு நீடிக்கும் வரை வயது வரம்பின்றி மருத்துவ உரிமை உண்டு. பிள்ளைக்கு வயது கூடியதும் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று தாங்களே நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் இ.எஸ்.ஐ. செல்லும். வேலை பார்ப்பவரே மாற்றுத்திறனாளி என்றால் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய் அல்ல, 25,000 ரூபாய். தனியார் காப்பீட்டிலும், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியாவது ஒவ்வொரு பொது, உடல்நலக் காப்பீட்டு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டது. "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்று முகவர் சொன்னால் நம்பித் திரும்ப வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, 70 வயது நிரம்பிய எல்லோரையும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்த்தது. வயதுக்கு வருமானச் சான்று வேண்டாம் என்று முடிவெடுக்க முடிகிறதென்றால், குறைபாட்டுக்கும் அதே முடிவை எடுக்க முடியும். தனித்துவ அடையாள அட்டை எனும் யு.டி.ஐ.டி. மூலம் யார், எங்கே, என்ன குறைபாடு என்ற பதிவு அரசிடமே இருக்கிறது. அந்த 18 இலக்க எண்ணையே காப்பீட்டு எண்ணாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 24-ஆவது பிரிவு எழுதப்பட்டது அதற்காகத்தான்.

அது வரும்வரை, யு.டி.ஐ.டி. அட்டை இன்னும் எடுக்காதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ முகாம் தேதியைக் கேளுங்கள். அட்டை இருப்பவர்கள் நிராமயாவில் சேரத் தகுதி உண்டா, பெற்றோரின் இ.எஸ்.ஐ.யில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.