மலச்சிக்கலும் மோரும்

மலச்சிக்கல் வெளியில் சொல்லக் கூசும் தொல்லை. விடியற்காலையில் அவசரமாக வேலைக்குச் செல்லும் பெற்றோரையும், பள்ளிக் கழிவறைக்குச் செல்லத் தயங்கி அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளையும் அது ஒருங்கே வாட்டுகிறது.

நாம் உண்ட உணவின் சக்கை, ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. அங்கே அதிலுள்ள நீர் உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அது வறண்டு இறுகும். அடக்குதல் தீங்காவது இதனாலேயே.

அப்பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கிருமி என்றதும் அஞ்ச வேண்டா. இவற்றுட் பல, நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்கள் குடலின் அசைவைத் தூண்டும். நுண்ணுயிர்கள் பெருகுவதால் மலமும் மென்மையடையும்.

இத்தகைய நுண்ணுயிர்களை உணவின் வழியே குடலுக்கு அனுப்பலாமா? 1908இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் மெச்னிக்காவ், புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்றார். அது மெய்ப்பிக்கப்படவில்லை, ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. ஜப்பானிய மருத்துவர் ஷிரோத்தா 1930இல் தேர்ந்து வளர்த்த நுண்ணுயிரே, 1935 முதல் யாக்குல்ட் பானமாக விற்பனையாகிறது.

2014இல் லண்டன் ஆய்வாளர்கள், பெரியவர்களிடம் நடத்தப்பெற்ற 14 சோதனைகளை ஒருசேர ஆராய்ந்தனர். இத்தகைய நுண்ணுயிர்களை உட்கொண்டோர்க்கு வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு முறை கூடுதலாக மலம் கழிந்தது. பயன் சிறிது, எல்லா இனங்களும் அதனைத் தருவதுமில்லை. சிறுவர்களுக்குப் பயன் உண்டென்று உறுதிகூறச் சான்று போதாது.

நம் வீட்டுத் தயிரிலும் மோரிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. எவ்வினம், எவ்வளவு என்பது உறைக்கு உறை மாறுவதால், மோரை மருந்தென்று கூற மாட்டோம், நல்ல உணவென்போம். மோர்க்குழம்பு கொதித்தால் அவை மடிந்துபோகும். சுவைக்குக் குறைவில்லை!

நார்ப்பொருளின்றி மோர் மட்டும் அருந்துவது, ஆட்களை வேலைக்கு அழைத்துப் பட்டினி போடுவதை ஒக்கும். முருங்கைக்கீரை, பயறு, கொய்யா ஆகியவை அவற்றுக்கு நல்ல தீனி. அன்னாசியைப் பெயரிலேயே தாங்கிய பெக்கான் நானாஸில் வாழும் நாம், அப்பழத்தைப் பாகில் ஊறிய டின்னில் அன்றிப் புதிதாகவே உண்ணலாம். வெயிலில் உழைப்போர்க்குத் தண்ணீரும் மிக வேண்டும்.

பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் பேதி மருந்து கொடுத்தல் தகாது. மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, வாந்தி, உடல் மெலிவு ஆகியவற்றுள் ஒன்று காணினும் மோரை நம்பிக் காத்திராது, உடனே அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.