கூட்டம் காத்திருக்காது

“கிளவுடில் எத்தனை சர்வர் வேண்டுமானாலும் வாடகைக்குக் கிடைக்கிறது என்கிறார்கள். அப்படியானால் தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இணையதளம் ஏன் படுத்துவிடுகிறது? திறப்பதற்கு முன்னால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லையா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சோதிக்கிறார்கள். ‘ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேரைத் தாங்கும்’ என்று அறிக்கையும் எழுதுகிறார்கள். அந்த அறிக்கை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நேர்மையாக அளந்து எழுதிய அறிக்கையே ஆளைக் கவிழ்த்துவிடும். அது எப்படி என்று புரிந்தால் வாசகியின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு மென்பொருளின் மேல் செயற்கையாகக் கூட்டத்தை ஏவிவிட்டு, எங்கே திணறுகிறது, எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் அழுத்தச் சோதனை. ஜேமீட்டர், லோக்கஸ்ட், கேட்லிங், கே6 போன்ற கருவிகள் ஆயிரக்கணக்கான பொய்ப் பயனர்களை உண்டாக்கி, உள்ளே நுழைவதும் தேடுவதும் பணம் கட்டுவதுமாக ஓடவிடும். ஆனால் ஒரே கணினியிலிருந்து கிளப்பக்கூடிய கூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. வெளியே போகும் ஒவ்வோர் இணைப்புக்கும் லினக்ஸ் ஒரு போர்ட் எண்ணை ஒதுக்குகிறது. இதற்கென்று அது வழக்கமாக விட்டுவைத்திருக்கும் எண்கள் 32768 முதல் 60999 வரை; மொத்தம் 28,232. ஒரே சர்வர் முகவரியை நோக்கி ஒரு கணினி தன் ஒரு முகவரியிலிருந்து அதற்கு மேல் இணைப்புகளைத் திறக்க முடியாது. அமைப்பை மாற்றி இந்த எண்ணிக்கையைக் கூட்டலாம். ஆனால் போர்ட் எண்கள் 65,535-உடன் முடிந்துவிடுகின்றன. லட்சம் பேர் வேண்டுமானால் பல முகவரிகள், நடைமுறையில் பல கணினிகள் வேண்டும்.

இங்கேதான் கன்டெய்னர் கிளஸ்டர் உதவுகிறது. சோதனைக் கருவியையும் அதற்குத் தேவையான மற்ற மென்பொருள்களையும் சேர்த்து ஒரே இமேஜாகக் கட்டிவிடுகிறோம்; அந்த இமேஜின் ஓடும் பிரதிதான் கன்டெய்னர். கிளவுடில் இருபது முப்பது கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஒரு கிளஸ்டராகச் சேர்த்து, குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளின் பொறுப்பில் விடுகிறோம். ‘இந்த இமேஜில் 200 பிரதிகள் ஓடட்டும்’ என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். எந்தக் கணினியில் எத்தனை என்று அதுவே பங்கிட்டுவிடும். ஒரு பிரதி செத்தால் இன்னொன்றைக் கிளப்பிவிடும். லோக்கஸ்ட் கருவியில் ஒரு பிரதி தலைமை ஏற்று மற்றவற்றுக்கு வேலை கொடுக்கிறது. மற்றவை சர்வரைத் தாக்கிவிட்டுக் கணக்கைத் திருப்பி அனுப்புகின்றன. சோதனை முடிந்ததும் கிளஸ்டரைக் கலைத்துவிட்டால் வாடகை நின்றுவிடும். ஒரு கிளஸ்டரில் 5,000 கணினிகள், 1,50,000 பாட்கள் (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகள்) வரை தாங்கும்படி குபெர்னெட்டீஸ் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: சோதிக்கும் கிளஸ்டரும் சோதிக்கப்படும் மென்பொருளும் ஒரே கணினிகளைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

கன்டெய்னரின் வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த சிரூட், ஒரு நிரலின் கண்ணுக்குக் கோப்புகளில் ஒரு பகுதியை மட்டும் காட்டியது. 2006-இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய சிகுரூப் 2008-இல் லினக்ஸில் சேர்ந்தது. ஒரு நிரல் எவ்வளவு பிராசசரையும் நினைவகத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அது வரம்பு கட்டியது. 2013-இல் டாக்கர் வந்து இதையெல்லாம் எல்லோர் கைக்கும் எட்ட வைத்தது. 2014-இல் கூகுள் குபெர்னெட்டீஸை வெளியிட்டது. இவற்றில் சிகுரூப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளஸ்டர் தயார். ஆனால் 200 பிரதிகள் ஓடுவதால் மட்டுமே சோதனை சரியாகிவிடாது. இந்தத் துறையிலேயே அழகான நுட்பம் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் டீக்கடை போடுகிறார். கூட்டத்தைச் சமாளிக்க முடியுமா என்று பார்க்க, நண்பர்கள் பத்துப் பேரை முதல் நாள் வரச்சொல்கிறார். ஒவ்வொருவரும் ஒரு டீ கேட்க வேண்டும். குடித்து முடித்ததும் அடுத்த டீ கேட்க வேண்டும். கேட்டதற்கும் கைக்கு வந்ததற்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு மணி நேரம் இப்படியே நடக்கிறது. இடையில் பால் தீர்ந்துவிடுகிறது. மாஸ்டர் பால் வாங்கிவர பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் பத்து நண்பர்களும் கேட்ட டீக்காக நின்றுகொண்டே இருக்கிறார்கள். அது வராமல் அடுத்ததைக் கேட்கக் கூடாதல்லவா? கடைசியில் நோட்டைப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகள். தாமதம் என்று பத்தே வரிகள். சராசரி அருமையாக இருக்கிறது.

மறுநாள் கடை திறக்கிறது. அதே நேரத்தில் பால் தீர்கிறது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அது தெரியாது. நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் இருபது பேர் கடைக்கு வருகிறார்கள். பத்து நிமிடத்தில் இருநூறு பேர். வரிசை ரோட்டுக்கு வந்து பஸ்ஸையே மறிக்கிறது. காத்திருந்து பொறுமையிழந்தவர்கள் “மாஸ்டர், டீ என்னாச்சு?” என்று மறுபடி மறுபடி கேட்கிறார்கள். பால் வந்த பிறகும் மாஸ்டர் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இணையதளம் திறக்காதபோது நாம் ரீலோடு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது சர்வருக்குச் செய்வதும் இதுதான்.

நண்பர்கள் எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை. கடை நின்றபோது அவர்களும் நின்றுவிட்டார்கள். மிக மோசமான பத்து நிமிடத்தில் மிகக் குறைவாக அளந்தார்கள். மோசமான நேரம் தன்னைத்தானே கணக்கிலிருந்து அழித்துக்கொண்டது.

எண்ணில் பார்த்தால் இதன் வீச்சு தெரியும். ஒரு சர்வருக்கு நொடிக்கு 10 கோரிக்கைகள் வரவேண்டும். சோதனை 10 நிமிடம். 9 நிமிடம் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிநொடியில் பதில் வருகிறது. ஒரு நிமிடம் சர்வர் உறைந்துவிடுகிறது. பதில் வந்தால்தான் அடுத்ததை அனுப்பும் கருவி 5,400 நல்ல பதில்களையும் 60 நொடி எடுத்த ஒரே ஒரு கெட்ட பதிலையும் பதியும். சராசரி 31 மில்லிநொடி. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் உண்மையில் 600 பேர் வந்திருப்பார்கள். உறைவு நீங்கியதும் எல்லோருக்கும் உடனே பதில் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அவர்கள் சராசரியாக 30 நொடி காத்திருப்பார்கள். மொத்தச் சராசரி 3 நொடி; கருவி சொன்னதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. நூறில் 99 பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் கிடைத்தது என்று கேட்டால், கருவியின் விடை 20 மில்லிநொடி. உண்மையான விடை 54 நொடி.

இந்தப் பிழையைப் பொறியாளர்களுக்கு விடாமல் எடுத்துச் சொன்னவர் அசூல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கில் டெனே. ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். ‘டபிள்யூஆர்கே’ என்ற கருவியை இந்தப் பிழை நேராதபடி திருத்தி ‘டபிள்யூஆர்கே2’ என்று வெளியிட்டார். அதற்கு முன்பே, 2006-இல், பியாங்கா ஷ்ரோடர், ஆடம் வியர்மன், மோர் ஹார்ச்சோல்-பால்ட்டர் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை எச்சரித்திருந்தார்கள்: பதிலுக்குக் காத்திருக்கும் கூட்டமும், காத்திருக்காமல் வந்துகொண்டே இருக்கும் கூட்டமும் ஒரே சர்வரில் முற்றிலும் வேறான விளைவுகளைத் தரும். தீர்வு எளியது. ‘இத்தனை பயனர்கள்’ என்று கட்டளையிடுவதற்குப் பதில் ‘நொடிக்கு இத்தனை வருகைகள்’ என்று கட்டளையிட வேண்டும். கே6, கேட்லிங் இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஜேமீட்டரின் வழக்கமான அமைப்போ அந்தப் பத்து நண்பர்களைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

கன்டெய்னருக்கு மாறும்போது இதே நோய் இன்னொரு வழியில் நுழைகிறது. சிகுரூப் காலத்தை வழக்கமாக 100 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு கன்டெய்னருக்கு அரை பிராசசர் என்று வரம்பு வைத்தால், ஒவ்வொரு துண்டிலும் 50 மில்லிநொடி ஓடலாம். அது தீர்ந்ததும் அடுத்த துண்டு பிறக்கும்வரை லினக்ஸின் மையமான கர்னல் அந்தக் கன்டெய்னரை உறையவைத்துவிடும். சர்வரின் பதில் வாசலுக்கு வந்துவிட்டது. வாங்கிப் பதிய வேண்டிய நிரல் உறைந்து கிடக்கிறது. விழித்ததும் மணியைப் பார்த்து ‘சர்வர் தாமதம்’ என்று எழுதுகிறது. டீக்கடைக் கணக்கில் சொன்னால், நண்பர்களில் ஒருவருக்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். டீ மேஜைக்கு வந்த பிறகும் அவர் எழுந்து வந்து எடுக்கும்வரை கடிகாரம் ஓடுகிறது. பழி மாஸ்டர் தலையில். இத்தனை முறை தடுத்தேன், இவ்வளவு நேரம் உறையவைத்தேன் என்று கர்னல் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பூஜ்யமாக இல்லாவிட்டால் சோதனை முடிவைக் குப்பையில் போடலாம்.

வலையமைப்பிலும் ஒரு பொறி உண்டு. 200 பிரதிகளுக்கும் தனித்தனி முகவரி இருந்தாலும், கிளவுடின் தனியார் வலையில் வைத்தால் எல்லாம் நேட் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேறும். அமேசானின் நேட் கேட்வேயில், ஒரு முகவரிக்கு ஒரு குறிப்பிட்ட இலக்கை நோக்கி 55,000 இணைப்புகள்தான். போர்ட் எண் போதாமல்தான் கிளஸ்டருக்கு வந்தோம். அதே தட்டுப்பாடு வாசலில் மறுபடி நிற்கிறது. நண்பர்கள் இருநூறு பேரானாலும் ஒரே சந்து வழியாக ஒவ்வொருவராக வந்தால் கடைக்கு அது கூட்டமே இல்லை.

பெரிய அளவில் சோதித்ததற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த இந்தியா - நியூசிலாந்து உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்குத் தயாராக அந்நிறுவனம் ‘ஹல்க்’ என்ற பெயரில் அமைத்த சோதனைக் கட்டமைப்பில் 8 அமேசான் மண்டலங்களில் பரவிய 3,000-க்கும் மேற்பட்ட கணினிகள், 1,08,000 பிராசசர்கள், 216 டெராபைட் நினைவகம் இருந்தன. தோனி ரன் அவுட் ஆனபோது என்ன நடந்தது என்பது அதைவிடச் சுவையானது. ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறவர்கள் பேக் பொத்தானை அழுத்துகிறார்கள். அது முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. அதுவரை சும்மா இருந்த முகப்புச் சேவைகளின் மேல் பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் விழுகிறது. பார்வையாளர் எண்ணிக்கை ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் சர்வர் சாகலாம். ஏற்றத்தை மட்டும் பார்க்கும் சோதனை பாதிச் சோதனைதான்.

‘கூட்டம் வந்தால் கிளவுடு தானே விரிந்துகொள்ளும்’ என்ற விளம்பரத்தையும் இங்கே உரசிப் பார்க்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் ஹாட்ஸ்டாருக்கு நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் வீதம் வந்தார்கள். புதிய சர்வர் எழுந்து தயாராவதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிடும். அதனால் அவர்கள் தானியங்கி விரிவை நம்பியிராமல், சர்வர்களை முன்கூட்டியே ஏற்றிவைத்தார்கள். 2016-இல் குபெர்னெட்டீஸ் மேலேயே ஓடிய போக்கிமான் கோ விளையாட்டுக்கு, மிக மோசமான நிலையில் இலக்கைப்போல 5 மடங்கு வரும் என்று கணித்திருந்தார்கள்; வந்தது 50 மடங்கு. சோதனை கேட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். எவ்வளவு கூட்டம் வரும் என்று அது சொல்லாது. அந்த 2.53 கோடி 2019-இல் சாதனை. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே தளத்தின் உச்சம் 5.9 கோடி.

சோதிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அனுமதி இல்லாமல் பிறர் தளத்தின் மேல் இப்படிக் கூட்டத்தை ஏவுவது சோதனை ஆகாது, தாக்குதல். மற்றவர்களுக்கு அணுகல் கிடைக்காமல் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு கட்ட வேண்டிய செயல்; நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி குற்றம். உங்கள் மென்பொருளை உங்கள் கிளஸ்டரில் சோதியுங்கள்.

பொதுமக்களுக்கான இணையதளங்களுக்கு டெண்டர் விடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஒரு லட்சம் பயனர்களைத் தாங்கும்’ என்ற வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நொடிக்கு எத்தனை வருகைகள் அனுப்பப்பட்டன, சர்வர் திணறியபோதும் அந்த வேகம் குறையாமல் இருந்ததா என்று கேளுங்கள். சராசரியை ஒதுக்கிவிட்டு, நூறில் கடைசி ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கேளுங்கள். சோதித்த கன்டெய்னர்கள் எத்தனை முறை உறைந்தன என்ற கணக்கையும் கேளுங்கள். மூன்றுக்கும் எண்ணில் பதில் வராத அறிக்கையை ஏற்காதீர்கள். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி ஒரு சதவீதம் சின்ன எண்ணிக்கை இல்லை. பத்து லட்சம் பேர் பார்த்தால் அது பத்தாயிரம் வீடு.