வார்டில் சொல்லாமல் விட்ட ஒரு மாத்திரை



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், "ரத்தத்தில் இன்ஃபெக்‌ஷன் பரவிவிட்டது, ஊசி வாங்கப் பணம் வேண்டும்" என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். கூடவே இருக்கும் மருத்துவர் சீட்டில் செப்சிஸ் என்று நோயின் பெயரும், பல நேரம் மெரோபெனம் என்று மருந்தின் பெயரும் இருக்கும். பணத்துக்கு நம்மால் முடிந்ததைச் செய்கிறோம். ஆனால் அந்த ஊசி ஏறும்போது வீட்டார் செய்ய வேண்டியது என்ன என்று நாம் இதுவரை எழுதியதில்லை. ஒரு குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

விசைத்தறியில் வேலை பார்க்கும் இளைஞர். சிறுநீரகக் கல் அடைத்து, அதில் கிருமி சேர்ந்து, நடுக்கத்தோடு காய்ச்சல். மூன்று நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளித்தார்கள். நான்காம் நாள் பேச்சு குழறி, மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டார். "ஒன்றுமில்லை" என்றார் அத்தா. உண்மையில் அந்தப் பையன் சிறு வயதிலிருந்தே வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர். நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். பெண் வீட்டார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா அந்த மாத்திரையை மறைத்து வைத்து வேளை தவறாமல் கொடுத்தே வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. அன்று இரவே வலிப்பு வந்தது.

மாத்திரை கொடுத்தும் ஏன் வந்தது? மெரோபெனம் உடம்புக்குள் போனால், ரத்தத்தில் இருக்கும் வால்ப்ரோயேட்டின் அளவு ஓரிரு நாளில் 60 முதல் 100 சதவீதம் வரை இறங்கிவிடும். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாலும் ஈடாகாது. ஊசியை நிறுத்திய பிறகும் பழைய அளவுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். இது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். முன்பே சொல்லியிருந்தால் வேறு ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள், அல்லது வலிப்புக்கு வேறு மருந்தைச் சேர்த்திருப்பார்கள். அம்மா அழுதுகொண்டே நர்ஸிடம் மாத்திரை அட்டையைக் காட்டிய பிறகு அதைத்தான் செய்தார்கள். பிள்ளை பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். நிக்காஹ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.

வலிப்பு மாத்திரை மட்டுமல்ல. பென்சிலின் வகை மருந்தால் எப்போதாவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா என்பதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். மெரோபெனம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, அளவைக் குறைக்காவிட்டால் உடம்பில் தேங்கி அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம். நாட்டு மருந்து, கருஞ்சீரக எண்ணெய் எது கொடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஷிஃபாவுக்கென்று தேனோ தண்ணீரோ ஊற்றவும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடும். துஆ செய்யுங்கள், அதற்குத் தடையில்லை.

இன்னொரு பழக்கம். டிரிப் மெதுவாக இறங்குகிறதே என்று நம்மவர்கள் சக்கரத்தை நகர்த்திவிடுகிறார்கள். இந்த மருந்து பொதுவாக 8 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறும். சிலருக்கு அரை மணி நேரத்தில் ஏற்றுவார்கள், சிலருக்கு வேண்டுமென்றே 3 மணி நேரம் வரை இழுப்பார்கள். மருந்து ரத்தத்தில் போதிய அளவில் நீடித்து நிற்கத்தான் அப்படி. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

செப்சிஸ் என்பது கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை. காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது தெரிந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம்; 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலக அளவில் மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. செல்லூரிலிருந்து கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியும்.

முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் முடிவு வரும்போது மெரோபெனத்தை நிறுத்தி, விலை குறைந்த வேறு ஊசிக்கு மாற்றுவதுண்டு. "நம்மிடம் பணம் இல்லையென்று மருந்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் எங்களிடம் வந்து சண்டையே போட்டார். அப்படியல்ல. கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டது, அதற்கு எளிய மருந்தே போதும் என்று அர்த்தம்.

பெரிய ஊசியைக் காத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெரோபெனத்தையும் உடைத்துப் போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியுள்ள கிருமிகள் சென்னையிலும் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிற ஆய்வாளர்களும் 2010-இல் உலகுக்குச் சொன்னார்கள். 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்டத்தை வகுத்தன. அதை ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் 1 முதல் மெரோபெனம் உள்ளிட்ட மருந்துகள் ஹெச்1 பட்டியலில் வந்தன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆகவே மீந்த குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெருவில் ஊசி போடுகிறவரிடம் போட்டுக்கொள்வதோ, பக்கத்து வீட்டுக் காய்ச்சலுக்குக் கொடுப்பதோ வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன சில வாரங்களில் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால், தானாக மாத்திரை போடாமல் இந்த ஊசி போட்டதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

இதழின் பின்னட்டையில் ஒரு சீட்டு அச்சிட்டிருக்கிறோம். வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, சிறுநீரகம், வலிப்பு ஆகியவற்றை எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மாத்திரை அட்டையோடு ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே எழுதித் தருகிறோம். வெளியே தெரியக் கூடாத நோய் என்றால் எங்களிடமும் சொல்ல வேண்டாம். மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டு, உறவினர்கள் இல்லாத இடத்தில், அவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.